பணிப்பதிவில் விடுபட்ட பதக்கங்கள்: மறைந்த அமெரிக்க வீரர்களின் ஆவணங்கள் திருத்தப்படும் முறை

அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய ஒருவர் காலமான பிறகு, அவருடைய படைவாழ்க்கைக்குச் சான்றாகக் குடும்பத்தாரிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான். 1950 முதல் அந்தத் தாளுக்கு டி.டி. 214 என்று பெயர். அதற்கு முன், இரண்டாம் உலகப் போரில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சிப்பாய்களுக்குப் போர்த்துறையின் 53-55 எண்ணுள்ள படிவம் வழங்கப்பட்டது. சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பதவி, கற்ற தொழில், கடல் கடந்து பணியாற்றிய காலம் ஆகியவற்றோடு, பெற்ற விருதுகளுக்கென ஒரு சிறு கட்டமும் அதில் உண்டு. தந்தையோ தாத்தாவோ இறந்த பின் அந்தக் கட்டத்தை முதன்முறையாக நிதானமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, வீட்டில் கேட்ட போர்க்கதைகளுக்கும் தாளில் தட்டச்சான வரிகளுக்கும் இடையே பொருத்தமின்மை தென்படுவது அரிதன்று. காலில் குண்டுத்துண்டோடு வாழ்நாள் முழுதும் நடந்தவரின் தாளில் காயம் பட்டோருக்கான பர்ப்பிள் ஹார்ட் இருக்காது. காலாட்படையில் மாதக்கணக்கில் முன்வரிசையில் நின்றவருக்கு நன்னடத்தைப் பதக்கம்கூட எழுதப்பட்டிருக்காது. விடுவிப்பு நாளன்று எழுத்தரின் மேசையில் இருந்த காகிதங்கள் எவையோ அவைதான் அந்தக் கட்டத்தில் ஏறின என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் நடைமுறைகள் பலவும் எளிதில் விளங்கும்.

1945 ஆகஸ்டில் ஏறத்தாழ 80 இலட்சம் பேரைக் கொண்டிருந்த அமெரிக்கத் தரைப்படை, அடுத்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் 19 இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. இத்தனை பேருக்கும் விடுவிப்பு முகாம்களில் படிவம் அடித்துக் கையொப்பம் வாங்கி ரயிலேற்ற வேண்டியிருந்தது. யார் முதலில் வீடு திரும்புவது என்பதை முடிவுசெய்ய அப்போது ஒரு மதிப்பெண் முறை இருந்தது: பணிபுரிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று, வெளிநாட்டில் கழித்த மாதத்துக்கு மேலும் ஒன்று, பங்கேற்ற ஒவ்வொரு போர்த்தொடருக்கும் கிடைத்த நட்சத்திரத்துக்கும் வீரவிருதுக்கும் ஐந்து, குழந்தைகளுக்குத் தலா பன்னிரண்டு. வீடு திரும்பத் தேவையான மதிப்பெண் எல்லை 1945 மே மாதம் 85 என வைக்கப்பட்டது. விருதுக்கு மதிப்பெண் உண்டென்பதால் ஒருவரும் அதைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. எல்லையைத் தாண்டிவிட்டவருக்கு மேற்கொண்டு ஒரு விருதைப் பதியச் சொல்லிக் காத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை. பிழையைச் சுட்டிக்காட்டினால் வரிசையில் பின்னே போக வேண்டியிருக்கும். டிவிஷன் தலைமையகம் வெளியிட்ட விருது ஆணை, உரியவர் மருத்துவமனைக்கோ வேறு பிரிவுக்கோ மாற்றப்பட்ட பின் வந்து சேர்ந்ததும் உண்டு. போதாக்குறைக்கு, உலோகத் தட்டுப்பாட்டால் போர்க்காலத்தில் பல பதக்கங்கள் நாடாவாக மட்டுமே தரப்பட்டன. ஐரோப்பா-ஆப்பிரிக்கா-மத்திய கிழக்குப் போர்த்தொடர் பதக்கம் 1942 நவம்பரில் நிறுவப்பட்டபோதும் அதன் உலோக வடிவம் போர் முடிந்த பிறகே கிடைத்தது. ஆகவே, பதிவில் இருந்தும் கைக்கு வராத பதக்கங்களும், உரிமை இருந்தும் பதிவிலேயே ஏறாத பதக்கங்களும் ஒரே தலைமுறையின் ஆவணங்களில் கலந்து கிடக்கின்றன.

எழுத்தர்மீது எந்தக் குற்றமும் சொல்ல முடியாத இன்னொரு வகை உண்டு. எண்ணிக்கையில் இதுவே பெரிதாக இருக்கும் என்பது என் கணிப்பு. விடுவிப்பு நாளில் அந்த விருதே பிறந்திருக்காது, அல்லது அதற்கான தகுதி பின்னர்தான் விரிவாக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர் வெற்றிப் பதக்கத்தை நாடாளுமன்றம் 1945 ஜூலை 6 அன்றுதான் சட்டமாக்கியது. அதற்கு முன்பே காயத்தால் விடுவிக்கப்பட்டவரின் தாளில் அது இருக்க வழியில்லை. காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் எனப்படும் போர்முனைக் காலாட்படைச் சின்னத்தையோ, அதற்கு இணையான போர்முனை மருத்துவச் சின்னத்தையோ இரண்டாம் உலகப் போரில் பெற்ற அனைவருக்கும், போர்க்களச் செயலுக்காக வழங்கப்படும் ப்ரான்ஸ் ஸ்டார் பதக்கம் உண்டு என்று 1947இல் தரைப்படை முடிவுசெய்தது. அந்தச் செய்தி, சீருடையைக் கழற்றிவிட்டு வயலுக்கும் தொழிற்சாலைக்கும் திரும்பிவிட்டவர்களில் பெரும்பாலோரை எட்டவே இல்லை. போர்க்கைதிப் பதக்கம் 1985இல் சட்டமாகி, 1917 ஏப்ரல் 5 வரை பின்னோக்கிச் செல்லுபடியாக்கப்பட்டது. கொரியப் போரில் பணியாற்றியவர்களுக்குத் தென்கொரியா 1951இலேயே தர முன்வந்த பதக்கத்தை, வெளிநாட்டு விருதுகளைத் தடுத்த அன்றைய விதிகளால் ஏற்க முடியாமல் இருந்த அமெரிக்கா, 1999 ஆகஸ்டில்தான் ஏற்றது. வியட்நாமில் 1962 பிப்ரவரி முதல் 1973 மார்ச் வரை பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் தென்வியட்நாம் அரசின் கேலன்ட்ரி கிராஸ் பிரிவுப் பாராட்டு (தனிநபருக்கன்றிப் பிரிவு முழுவதற்கும் தரப்படும் விருது) 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணையால் வழங்கப்பட்டது. அதற்குள் அங்கே பணியாற்றியவர்களில் மிகப் பலர் படையை விட்டே வெளியேறிவிட்டார்கள். கடற்படையும், மரீன்கள் எனப்படும் கடல்வழித் தரையிறங்கு படையும் 1969இல் தொடங்கிய காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பன் (நேரடிச் சண்டையில் ஈடுபட்டவர்களுக்கான நாடா விருது) முதலில் 1961க்குப் பிந்திய சண்டைகளுக்கு மட்டுமே பொருந்தியது. 1999இல் நிறைவேறிய சட்டம் அதை 1941 டிசம்பர் 7 வரை பின்னுக்குக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவான இவோ ஜிமாவில் சண்டையிட்டு 1980களில் இறந்துபோன ஒரு மரீன், தான் உயிரோடிருந்தவரை இல்லாத ஓர் உரிமையை இறந்த பின் பெற்றிருக்கிறார். அதைக் கேட்டுப் பெறுவது அவர் பிள்ளைகளின் பொறுப்பாகிறது.

ஆக, விடுபட்ட பதக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்குள் மூன்று வேறு கேள்விகள் இருக்கின்றன. ஆணை பிறப்பிக்கப்பட்டு, தாளில் மட்டும் ஏறாமல் போனதா? ஆணையே தேவையில்லாமல், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட காலத்தில் இருந்ததாலேயே கிடைக்கும் உரிமையா? அல்லது அந்த வீரச்செயலுக்கு விருது தருவதா வேண்டாமா என்று எவரும் கடைசிவரை முடிவே எடுக்கவில்லையா? முதல் இரண்டும் பதிவைச் சரிபார்க்கும் வேலை. அலுவலர் ஒருவர் ஆவணத்தைப் பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தால் முடிந்துவிடும். மூன்றாவது, புதிதாக ஒரு விருதைக் கோருவது. அதற்கான வாசலும், காலமும், எதிர்பார்க்கப்படும் சான்றும் வேறு. பல குடும்பங்களின் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்து திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகாரிகளின் அலட்சியம் அன்று. மூன்றாவது கேள்வியை முதல் கேள்விக்கான வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்ததே காரணம்.

முதல் வாசல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகர்ப்புறத்தில் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் தேசியப் பணியாளர் பதிவு மையத்துக்கு 180ஆம் எண் படிவத்தை அஞ்சலிலோ இணையம் வழியாகவோ அனுப்பி, பணிக்கோப்பின் படியையும் பதக்கங்களையும் கோரலாம். யார் கோரலாம் என்பதில் ஒரு முடிச்சு உண்டு. பதிவைப் பெறும் உரிமையுள்ள நெருங்கிய உறவினர் என்று அந்த மையம் கருதுவது, மறுமணம் செய்யாத கணவன் அல்லது மனைவி, மகன், மகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரை மட்டுமே. பேரப்பிள்ளைகள் அந்த வரிசையில் இல்லை. தரைப்படைப் பதக்கங்களைக் கோருவதற்கான வரிசையிலோ மூத்த பேரப்பிள்ளைக்கும் கடைசியில் ஓர் இடம் உண்டு. கடற்படை அதை ஏற்பதில்லை. பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்த கோப்புகள் ஆவணக் காப்பகத்தின் சொத்தாகிப் பொதுமக்கள் எவருக்கும் திறந்துவிடப்படுவதால், 1946இல் விடுவிக்கப்பட்டவரின் கோப்பை இன்று யாரும் கட்டணம் செலுத்திப் படியெடுக்கலாம்: ஐந்து பக்கங்களுக்குள் என்றால் 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர். 1970இல் விடுவிக்கப்பட்ட வியட்நாம் வீரரின் கோப்போ 2032 வரை நெருங்கிய உறவினருக்கு மட்டுமே முழுமையாகத் திறக்கும். இறந்தவரின் சார்பில் கேட்பவர் இறப்புச் சான்றையும், உறவுக்கான ஆதாரத்தையும் இணைக்க வேண்டும். சாதாரண ஆவணங்கள்தான்; ஆனால் இவை இல்லாமல் திரும்பிவரும் கடிதங்கள் ஏராளம்.

கோப்பே இல்லை என்ற பதில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்தப் பொருளின் மையம். 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், அப்போது செயின்ட் லூயிஸை அடுத்த ஓவர்லாண்டில் இருந்த அந்த மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1950களில் கட்டப்பட்ட அந்தப் பெருங்கட்டடத்தின் கோப்பு அடுக்குகளில் தானியங்கி நீர்தெளிப்பான்கள் கிடையாது; தீயைவிடத் தண்ணீரே காகிதத்துக்குப் பெரிய ஆபத்து என்று அக்காலத்தில் காப்பகத் துறையிலேயே ஒரு சாரார் வாதிட்டு வந்தனர். தீ கட்டுக்குள் வர ஒரு நாளுக்கு நெருங்கிய நேரம் பிடித்தது. முழுவதும் அணைய நான்கு நாட்களுக்கு மேலானது. ஏறத்தாழ 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பர் முதல் 1964 ஜனவரி வரை விடுவிக்கப்பட்ட விமானப்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற குடும்பப்பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடு போயிற்று. அடுக்கப்பட்டிருந்த வரிசையில் தீ எதுவரை சென்றதோ அதுவரை இழப்பு என்பதால், விமானப்படையினர் ஒருவருடைய பணி வரலாறு எஞ்சியதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் அவருடைய குடும்பப்பெயரின் முதல் எழுத்து முடிவுசெய்துவிட்டது. கடற்படை, மரீன் கோப்புகள் பெரும்பாலும் தப்பின. அழிந்தவற்றுக்கு நகலோ நுண்படமோ இருக்கவில்லை. எந்தெந்தக் கோப்புகள் அங்கே இருந்தன என்ற முழுமையான பட்டியலும் இருக்கவில்லை.

நனைந்தும் ஓரம் கருகியும் தப்பிய ஏறத்தாழ 65 இலட்சம் கோப்புகளைப் பூஞ்சை பிடிக்காமல் காக்க, அதே நகரத்தில் விமானமும் விண்கலமும் செய்துவந்த மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் வெற்றிட அறைக்குள் வைத்து ஈரத்தை உறிஞ்சினார்கள். அவை எரிந்த கோப்புகள் என்ற தனி வரிசையாக இன்றும் பராமரிக்கப்படுகின்றன. எதுவும் தப்பாத இடத்தில், வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடந்த காகிதங்களைத் திரட்டி மறுகட்டமைப்புக் கோப்பு ஒன்று உருவாக்கப்படுகிறது. கடைசிச் சம்பளச் சீட்டு, முன்னாள் படைவீரர் துறையில் கொடுத்த உதவித்தொகை விண்ணப்பம், மாநில அரசின் போனஸ் பதிவு, படைச்சேர்ப்பு அட்டை ஆகியவை அதற்குப் பயன்படுகின்றன. இவற்றைக் கொண்டு மையம் வழங்கும் சான்றிதழ், இன்னார் இன்ன காலத்தில் மதிப்புடன் பணியாற்றினார் என்பதை நிறுவும்; நல்லடக்கச் சலுகைக்கு அது போதும். அவர் எந்தக் காட்டில் எந்த நாளில் காயம்பட்டார் என்பதை அதிலிருந்து பெற முடியாது. இந்த நிலையில் குடும்பத்தின் பழைய பெட்டியைவிட, அவர் ஊர் திரும்பியபோது வாழ்ந்த மாவட்டத்தின் பதிவு அலுவலகம் பயன்படக்கூடும். விடுவிப்புச் சான்று தொலைந்துவிடுமே என்று அஞ்சி, 1945, 1946இல் திரும்பியவர்களில் பலர் அதை அங்கே கொடுத்துப் பதிந்துவைத்திருந்தார்கள்.

ஒருவருடைய தனிக்கோப்பு எரிந்துபோனாலும் அவர் இருந்த பிரிவின் காகிதங்கள் எரியவில்லை. திருத்தம் கோரும் குடும்பங்கள் வழக்கறிஞரைத் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்று நினைக்கிறேன். தரைப்படையின் ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையில், முந்தைய நாளிலிருந்து ஆள் எண்ணிக்கை எப்படி மாறியது என்பது பெயரோடும் பணி எண்ணோடும் வரும்: இன்னார் மருத்துவமனைக்குப் போனார், இன்னார் களத்தில் காயமுற்றார், இன்னார் திரும்பி வந்தார். பத்து வார்த்தைகூட இல்லாத அந்த வரி, தாத்தா சொன்ன கதைக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான சாட்சி. டிவிஷன் தலைமையகங்கள் வெளியிட்ட விருதுப் பொது ஆணைகளும் போர்நடவடிக்கை அறிக்கைகளும் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓர் ஆணையில் பெயர் அகப்பட்டுவிட்டால் முதல் வகை வழக்கு அத்தோடு தீர்ந்தது. எந்தப் பிரிவுக்கு எந்தப் போர்த்தொடரில் பங்கு உண்டு, எந்தப் பிரிவுப் பாராட்டு உண்டு என்பதைத் தரைப்படையே 672-1 என்ற எண்ணுள்ள கையேடாக 1961இல் இரண்டாம் உலகப் போருக்கும், 672-3 என்ற எண்ணில் 1988இல் வியட்நாம் காலத்துக்கும் வெளியிட்டிருக்கிறது. பிரிவையும் நாட்களையும் நிறுவிவிட்டால், நட்சத்திரங்களையும் பாராட்டுகளையும் அந்த அட்டவணையிலிருந்தே எண்ணிவிடலாம்.

காயங்களைப் பொறுத்தவரை இன்னொரு மூலமும் தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர், கொரியப் போர்க் காலங்களில் படை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றித் தலைமை மருத்துவ அலுவலகம் புள்ளிவிவர ஆய்வுக்காக அட்டைகளில் குறித்துவைத்திருந்த தகவல்கள், கணினி நாடாக்களாகத் தேசிய அறிவியல் கழகத்தில் இருந்தன. 1988இல் அவை பதிவு மையத்துக்குக் கிடைத்தன. அவற்றில் பெயர் இராது, பணி எண்தான் இருக்கும். காயத்தின் வகை, அது சண்டையில் நேர்ந்ததா என்பது, மாதம், ஆண்டு ஆகியவை குறியீடாக இருக்கும். பர்ப்பிள் ஹார்ட் கேட்பவர்களுக்கு இது பொன் போன்ற ஆதாரம். அந்தப் பதக்கத்துக்கான விதி, காயம் எதிரியின் செயலால் நேர்ந்திருக்க வேண்டும், அதற்கு மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவாகியிருக்க வேண்டும் என்று மூன்றையும் ஒருசேரக் கேட்கிறது. களத்திலேயே கட்டுப் போட்டுக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தவருக்கு மூன்றாவது இருக்காது; இன்றைய விதிகளின்படி உறைபனியால் பாதித்த பாதங்கள் முதலாவதில் தேறாது. மருத்துவமனைக்குப் போகாமல் தோழர்களோடு நின்றவர், போனவரைவிடக் குறைந்த விருதோடு வீடு திரும்பியதில் இருக்கும் கசப்பை விதியால் தீர்க்க முடிவதில்லை.

ப்ரான்ஸ் ஸ்டார் இதற்கு நேர்மாறாக எளிது. தாளில் காலாட்படைச் சின்னம் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தால், 1947 முடிவின்படி பதக்கம் தானாகவே தொடர்கிறது. சின்னமே விடுபட்டிருந்தால், அவர் காலாட்படைத் தொழில் எண்ணோடு (படையில் ஒருவருடைய வேலையைக் குறிக்கும் எண்) காலாட்படைப் பிரிவில் இருந்தார் என்பதையும், அந்தப் பிரிவு சண்டையிட்ட நாட்களில் அவர் அங்கே இருந்தார் என்பதையும் காட்ட வேண்டும். 1944இல் நிறைவேறிய சட்டத்தின்படி அந்தச் சின்னம் பெற்றவருக்கு மாதம் 10 டாலர் கூடுதல் ஊதியம் உண்டு. அதனால், பதக்கத்தை மறந்த படை அலுவலகம் பணத்தை மறக்காமல் சம்பளப் பட்டியலில் குறித்திருக்கக்கூடும்.

வீட்டில் இருக்கும் பதக்கமே சான்றாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. பெரும்பாலான பதக்கங்கள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன, வாங்குவதும் குற்றமன்று. ஆதலால் கண்ணாடிப் பேழையில் இருப்பதை எந்த அலுவலகமும் ஆதாரமாகக் கொள்வதில்லை. போர்க்காலத்தில் எழுதிய கடிதம், அன்றைய உள்ளூர்ச் செய்தித்தாளின் காயமுற்றோர் பட்டியல், குடும்பத்துக்கு வந்த தந்தி ஆகியவை நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்டவை என்பதால் மதிப்புப் பெறுகின்றன. உடன் சண்டையிட்டவரின் உறுதிமொழியும் ஏற்கப்படும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 1.6 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் 2024இல் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 66,000 பேர்தான். அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

பதிவு மையமும், தரைப்படையினருக்கு ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவளத் தலைமையகமும் மறுத்த பிறகே அடுத்த படிக்குப் போகலாம். அது படைப்பதிவுத் திருத்த வாரியம். 1946க்கு முன் ஒருவருடைய பதிவில் உள்ள பிழையைத் திருத்த வேண்டுமானால், நாடாளுமன்றத்தில் அவர் பெயருக்கென்றே ஒரு தனிச் சட்டமுன்வரைவு கொண்டுவர வேண்டும். அத்தகைய முன்வரைவுகளின் சுமை தாங்காமல், அந்த ஆண்டின் சட்டமன்றச் சீரமைப்புச் சட்டம் அந்தப் பொறுப்பைப் படைத்துறைகளிடம் ஒப்படைத்தது; சீருடையினர் தங்கள் பிழையைத் தாங்களே மறைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, உறுப்பினர்கள் பொதுமக்களாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இப்போது தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரீன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் கடலோரக் காவல்படைக்கு ஒன்று என்று நான்கு வாரியங்கள் இயங்குகின்றன. 149ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. இறந்தவருக்காக மனைவியோ, நெருங்கிய உறவினரோ, சட்டப்படியான பிரதிநிதியோ கையொப்பமிடலாம்.

பிழை தெரியவந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதைப் படித்துவிட்டு, எண்பது ஆண்டுப் பழமையான வழக்கு எடுபடாது என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீதியின் நலனுக்கு உகந்தது என்று கருதினால் அந்தக் காலவரம்பை வாரியமே தளர்த்தலாம். சான்று தெளிவாக இருக்கும் விருது வழக்குகளில் தளர்த்தவும் செய்கிறது. உண்மையான தடை காலவரம்பில் இல்லை. அலுவலகம் தன் கடமையை முறைப்படி செய்திருக்கும் என்ற அனுமானத்திலிருந்துதான் வாரியம் தொடங்குகிறது. அதற்கு மாறாக நடந்தது என்பதை நிறுவும் சுமை விண்ணப்பதாரருடையது. ஒரே பிரதியை வைத்திருந்து அதை எரியவிட்ட அரசு, எரிந்த காகிதத்தில் இருந்ததை நிறுவும்படி விதவையிடம் கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. ஆயினும் இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது: தீயைக் காரணம் காட்டிக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால், ஆணையோடும் சாட்சியோடும் அதே பதக்கத்தைப் பெற்றவருடைய பதிவின் நம்பகம் குலையும். இடைப்பட்ட வழி, தீயில் அழிந்த வழக்குகளில் பிரிவு ஆவணங்களைத் தேடும் வேலையை அரசே ஏற்பது. இப்போதோ அது பெரும்பாலும் குடும்பங்களின் தோளிலும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் தோளிலும் விழுகிறது. வாரியங்களின் பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. தம்முடையதைப் போன்ற ஒரு வழக்கு எந்தச் சான்றால் வென்றது, எது இல்லாமல் தோற்றது என்பதை அவற்றில் படித்துவிட்டு எழுதப்படும் விண்ணப்பத்துக்கும், பாட்டனாரின் வீரத்தை மட்டும் விவரிக்கும் விண்ணப்பத்துக்கும் கிடைக்கும் முடிவுகள் வேறுபடும்.

மூன்றாவது கேள்விக்கான வாசல் 1996 முதல் இருக்கும் ஒரு சட்டப்பிரிவு. அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 1130 என்ற எண்ணில் வருகிறது. விருதுப் பரிந்துரைக்கான காலம் கடந்துபோன செயல்களை, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின் பேரில் படைத்துறை தகுதி அடிப்படையில் ஆராய வேண்டும் என்கிறது அது. இங்கே வேண்டப்படுவது பிழைதிருத்தம் இல்லை. அன்று எழுதப்பட்டிருக்க வேண்டிய பரிந்துரையை, நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களோடு இன்று முழுமையாக எழுதித் தருவது.

இந்த இரண்டு பாதைகளும் ஒரே மனிதரில் சிக்கிக்கொண்டதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வேவர்லி வுட்சன். நார்மண்டித் தரையிறக்க நாளான 1944 ஜூன் 6 அன்று, ஒமாகா கடற்கரையில் இறங்கிய 320ஆவது தடுப்புப் பலூன் பட்டாலியன் என்ற கறுப்பினப் பிரிவின் மருத்துவ உதவியாளராக அவர் இருந்தார். தரைக்கு வரும் முன்பே அவர் வந்த படகு தாக்கப்பட்டு அவருக்கே காயம் பட்டது. அதோடு ஏறத்தாழ 30 மணி நேரம் கரையில் நின்று, சுமார் 200 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் கணக்கிடப்படுகிறது. அன்று கிடைத்தது ப்ரான்ஸ் ஸ்டார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரவிருதான மெடல் ஆஃப் ஹானர், இரண்டாம் உலகப் போரில் ஒரு கறுப்பின வீரருக்குக்கூட அப்போது வழங்கப்படவில்லை. 1990களில் தரைப்படை இதை ஆராய்ந்து 1997 ஜனவரியில் எழுவருக்கு அந்த விருதை வழங்கியபோதும், வுட்சன் அந்த வரிசையில் சேர முடியவில்லை. அவருடைய கோப்பு 1973 தீயில் அழிந்திருந்தது. அவருக்கு உயர்ந்த விருது தருவது குறித்து அன்றைய அதிகாரிகள் பேசிக்கொண்டதைக் காட்டும் ஒரு குறிப்பு, பின்னர் ட்ரூமன் குடியரசுத்தலைவர் நூலகத்தின் காகிதங்களில் கிடைத்தது; அதுவும் முறையான பரிந்துரை ஆகாது. 2005இல் அவர் இறந்தார். மனைவியும் மேரிலாந்து செனட்டரும் தொடர்ந்து முயன்றதன் பயனாக, 2024 ஜூனில் இரண்டாவது உயரிய விருதான டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. மெடல் ஆஃப் ஹானரை வழங்கக் காகிதம் போதவில்லை.

ஹென்றி ஜான்சனின் வழக்கு இன்னும் பழையது. 1918 மே மாதம் பிரான்சின் ஆர்கோன் காட்டில், பிரெஞ்சுத் தலைமையின் கீழ் வைக்கப்பட்டிருந்த 369ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் காவல்நிலை ஒன்றை ஜெர்மானியர் இரவில் தாக்கியபோது, காயமுற்ற தோழரை அவர்கள் கைப்பற்றிச் செல்லாமல் கத்தியோடு கைகலந்து காத்தவர் அவர். பிரான்ஸ் உடனே க்ரூவா த கேர் என்ற தன் போர் விருதை வழங்கியது. தன் நாடு எதுவும் வழங்குமுன் 1929இல் இறந்தார். பர்ப்பிள் ஹார்ட் இன்றைய வடிவில் தொடங்கியதே 1932இல்தான் என்பதால், அது அவருக்கு மறுக்கப்பட்டது என்று பரவலாக எழுதப்படுவது பொருந்தாது. 1996இல் கிடைத்தது, அவர் இறந்த பின் பிறந்த ஓர் உரிமை. 2002இல் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸும், பிரான்சில் அமெரிக்கப் படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் பெர்ஷிங் அன்றே அனுப்பிய செய்தியறிக்கை ஒன்றை நியூயார்க் செனட்டரின் அலுவலகம் கண்டெடுத்ததன் உதவியோடு 2015 ஜூனில் மெடல் ஆஃப் ஹானரும் வழங்கப்பட்டன. அந்தக் கடைசிக் கட்டத்தில் தரைப்படை மேற்கொண்ட வம்சாவளி ஆய்வில், அவருடைய மகனாகவும் பேத்தியாகவும் தங்களைக் கருதிப் பல ஆண்டுகள் போராடிய குடும்பத்துக்கு அவரோடு இரத்த உறவு இல்லை என்று தெரியவந்தது. விருதை நியூயார்க் தேசியக் காவல்படையின் சார்ஜென்ட் மேஜர் ஒருவர் பெற்றுக்கொண்டார். வாரியத்தின் 149ஆம் படிவத்தில் உறவைக் கேட்கும் வரியிலேயே நின்றிருக்கக்கூடிய கோரிக்கை, உறவு கேட்காத 1130ஆம் பிரிவின் வழியாகச் சென்றதால் நிறைவேறியது.

திருத்தம் ஏற்கப்பட்டால் பழைய தாள் மாற்றப்படுவதில்லை. விடுபட்டவற்றைச் சேர்க்கும் டி.டி. 215 என்ற தனித்தாள் வழங்கப்பட்டு, அது மூலக்கோப்பிலும் சேர்க்கப்படுகிறது. பணமாகப் பயன் எதுவும் பெரும்பாலும் இல்லை. அரசு தரும் கல்லறைக் கல்லில் விருதின் பெயரைப் பொறிக்க முன்னாள் படைவீரர் துறை ஆவணம் கேட்கும். அங்கே அந்தத் தாள் தேவைப்படும். பர்ப்பிள் ஹார்ட், சில்வர் ஸ்டார் அல்லது அவற்றினும் உயர்ந்த வீரவிருது பெற்றவர்களுக்கு ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் நிலத்தடி அடக்கத்துக்கு உரிமை உண்டு என்பதால், சாம்பல் கலசத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி நடைமுறையில் எடையுள்ளது. அத்தகைய குடும்பங்கள் விண்ணப்பத்தோடு அதையும் எழுதித் தெரிவிப்பது நல்லது. வாரியம் இறுதி முடிவெடுக்கச் சட்டம் அனுமதிக்கும் காலம் 18 மாதங்கள்.